நாற்பத்தொரு டேப்பும் ஒரு பஞ்சுப் பட்டையும்

"அண்ணா, குரோமைத் தூக்கிட்டு வேற ஏதாச்சும் பிரவுசர் போட்டுக் குடுங்க. கை வெக்க முடியல, கொதிக்குதுங்க."

பெருமாநல்லூர் நால்ரோட்டுப் பக்கம் லேப்டாப் பழுதுபார்க்கிற என் மேசைக்குச் சித்திரை பிறந்துவிட்டால் வாரம் நாலு பேராவது இதே பேச்சோடு வருவார்கள். இந்தத் தம்பி ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். திறந்து காட்டினார். மேலே டேப்புகள் பேர்கூடத் தெரியாமல் அரிசி அரிசியாகச் சுருங்கிக் கிடந்தன. எண்ணிப் பார்த்தோம், நாற்பத்தொன்று. மெயில், வாட்ஸ்அப் வெப், பையரின் போர்ட்டல், ஜிஎஸ்டி, ஈ-வே பில், கன்டெய்னர் எந்தக் கடலில் போகிறது என்று பார்க்கும் பக்கம், கூகுள் ஷீட் ஏழெட்டு, நூல் விலைக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் பின்னால் இளையராஜா. சூடு பார்க்கும் மென்பொருளை ஓட்டினால் பிராசசர் 97 டிகிரி காட்டியது.

நான் உடனே பிரவுசரைத் தொடவில்லை. மெஷினை அணைத்துப் பின்மூடியைக் கழற்றினேன். ஃபேனுக்கும் அதை ஒட்டியிருக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் ஒரு பட்டை. இடுக்கியில் பிடித்து இழுத்தேன், கிழியாமல் முழுசாக வந்தது. சுண்டுவிரல் நீளம், ஃபிளீஸ் துணி மொத்தம். சாம்பல் நிறத்தில் ஊடே நேவி ப்ளூ. தம்பி அதைக் கையில் வாங்கி, கம்பெனியில் துணி பார்க்கிற மாதிரியே விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

லேப்டாப் சூட்டைப் பற்றி நம்ம பனியன் பெல்ட்டில் உலவும் நம்பிக்கைகள் ஏராளம். பாதிக்குப் பாதி உண்மை இருப்பதால்தான் அவை சாகாமல் இருக்கின்றன. எதைக் கேட்டாலும் இரண்டு கணக்கைப் பிரித்துக்கொள்ள வேண்டும். சூடு எங்கே பிறக்கிறது என்பது ஒன்று, பிறந்த சூடு வெளியே போகிறதா என்பது இன்னொன்று. பிரவுசர் முதல் கணக்கில் வரும். அந்தப் பட்டை இரண்டாவதில் வரும். முதல் கணக்கைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள்.

"டேப் ஜாஸ்தியானா சூடு ஜாஸ்தி"

இது பொய் என்று சொல்ல மாட்டேன், தப்பான இடத்தில் எண்ணுகிறோம் என்று சொல்வேன். கட்டிங் டேபிளில் துணி பீஸாகவும் வேஸ்ட்டாகவும் பிரியும். பிராசசரில் அப்படிக் கிடையாது. அது இழுக்கிற கரண்ட் அத்தனையும் கடைசியில் சூடாகவே வெளியே வந்தாக வேண்டும். ஆபீஸ் லேப்டாப்புகளில் இருக்கும் பிராசசர் பெரும்பாலும் 15 வாட் ரகம். ஓர் அவசர வேலைக்கு வேகம் பிடிக்கும்போது சற்று நேரம் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேலும் இழுக்கும். நான் ஈயம் வைக்கும் சின்ன சால்டரிங் அயர்னே 25 வாட்தான். ஆக, வேலை இருந்தால் சூடு, இல்லாவிட்டால் இல்லை. சும்மா திறந்து கிடக்கும் முப்பது டேப் நினைவகத்தில் இடம் பிடிக்கும், ஆனால் பிராசசருக்கு அனேகமாக வேலை வைக்காது. விளம்பரம் மினுமினுத்துக்கொண்டே இருக்கும் ஒரே ஒரு பக்கம் ஒண்டியாக ஃபேனைக் கதற வைக்கும்.

பிரவுசர் செய்கிறவர்களுக்கும் இது தெரியும். 2017-இல் வந்த குரோம் 57-இலிருந்து, பின்னால் மறைந்து கிடக்கும் டேப் ஒரு கோரின் சராசரி 1 சதவீதத்துக்கு மேல் எடுக்காதபடி அதன் டைமர் வேலைகளைக் கட்டிப்போடுகிறார்கள். பாட்டு ஓடுகிற டேப்பும், சர்வரோடு நேரடித் தொடர்பைப் பிடித்துக்கொண்டே இருக்கிற டேப்பும் அந்தக் கட்டில் விதிவிலக்கு. நம்ம ஆட்கள் காலையில் திறந்து ராத்திரி வரை மூடாத இரண்டும் பார்த்தால் அவைதான், பாட்டும் சாட்டும்.

எந்த டேப் என்று ஊகிக்க வேண்டியதில்லை. குரோமில் ஷிஃப்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்தினால் அதன் சொந்த டாஸ்க் மேனேஜர் வரும். எட்ஜிலும் அதே விசைதான். அதில் சிபியு என்ற தலைப்பைத் தட்டுங்கள், அதிகம் எடுப்பது மேலே வந்து நிற்கும். தம்பியின் மெஷினில் மேலே வந்தது இளையராஜா இல்லை. நாலு நாள் முன்னால் பிடிஎஃபை எக்செல்லாக மாற்றத் திறந்து அப்படியே விட்ட ஓர் இலவசத் தளம் வந்தது. அதற்கு அடுத்தபடி, எப்போதோ போட்ட கூப்பன் எக்ஸ்டென்ஷன். இரண்டையும் முடித்துவிட்டதும் ஃபேன் சத்தம் ஒரு படி இறங்கியது. நாற்பத்தொன்று நாற்பதானது, அவ்வளவுதான்.

பாட்டு டேப்பை விட்டுவிட முடியாது. யூடியூப் இப்போது பெரும்பாலும் விபி9, ஏவி1 என்ற முறைகளில் வீடியோவைச் சுருக்கி அனுப்புகிறது. அதைப் பிரிக்கச் சில்லுக்குள்ளேயே தனி இடம் இருந்தால் வேலை சுளுவாக முடியும். இல்லையென்றால் பிராசசரே முக்கி முனகிப் பிரிக்க வேண்டும். இன்டெல்லில் விபி9-ஐ முழுசாகப் பிரிக்கும் வசதி 7-ஆம் தலைமுறையிலும், ஏவி1-க்கானது 11-ஆம் தலைமுறையிலும்தான் வந்தது. 2011-இல் தொடங்கி அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் சில இன்னும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளில் டெலிவரி சலான் போடவும் ஈ-வே பில் போடவும் உயிரோடு இருக்கின்றன. அதில் போய் 1080-இல் பாட்டு ஓட்டினால் அது பாவம் என்ன செய்யும்? 360-க்கு இறக்குங்கள், படத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. செட்டிங்கில் "ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன்" அணைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஏதோ ஒரு காலத்தில் திரை மினுக்கியது என்று யாராவது அணைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அது அணைந்திருந்தால், நல்ல சில்லு இருந்தும் வீடியோ பிராசசர் தலையில்தான் விழும்.

"குரோம்தான் வில்லன், மாத்துனா சரியாயிரும்"

எதற்கு மாற்றுவீர்கள்? எட்ஜுக்கா? 2020 ஜனவரியிலிருந்து எட்ஜின் உள்ளே இருப்பதும் குரோமின் அடித்தளமான குரோமியம்தான். ஓப்பராவும் பிரேவும் அதே நூலில் நெய்தவை, லேபிள்தான் வேறு. ஃபயர்பாக்ஸ் மட்டும் தனிச்சரக்கு. மாற்றிய அன்றைக்குச் சில்லென்று இருப்பது நிஜம். ஏனென்றால் புது பிரவுசரில் நாற்பத்தொரு டேப்பும் இல்லை, பதினோரு எக்ஸ்டென்ஷனும் இல்லை. இரண்டு வாரத்தில் குடித்தனம் முழுக்க அங்கே இடம் மாறிவிடும், சூடும் கூடவே வந்துவிடும்.

குரோம் நினைவகத்தை விழுங்கும் என்ற பேர் வந்ததற்கு நியாயம் இருக்கிறது. 2008-இல் வந்த நாளிலிருந்தே அது பக்கங்களைத் தனித்தனி புராசஸாகப் பிரித்து ஓட்டுகிறது, ஒரு பக்கம் விழுந்தால் மற்றவை சாகக் கூடாது என்பதற்காக. 2018-இல் ஸ்பெக்டர் என்ற ஓட்டை வெளியானபின் ஒரு தளம் இன்னொரு தளத்தை எட்டிப் பார்க்காதபடி இன்னும் கறாராகப் பிரித்தார்கள். அந்தப் பாதுகாப்புக்கு நாம் கொடுக்கும் வாடகைதான் நினைவகம். 2022 கடைசியில் மெமரி சேவர், எனர்ஜி சேவர் இரண்டையும் சேர்த்தார்கள். செட்டிங்கில் பெர்ஃபாமன்ஸ் பகுதியில் இருக்கும், போட்டு வையுங்கள். பையர் போர்ட்டல் மாதிரி பாதி நிரப்பிய படிவம் இருக்கிற தளங்களை மட்டும் அதன் விலக்குப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். மெமரி சேவர் தூங்கவைத்த டேப்பைத் தொட்டால் பக்கம் முதலிலிருந்து ஏறும், அடித்தது போனாலும் போகலாம்.

ரேம் கூட்டினால் சூடு குறையும் என்று சொல்லி விற்கிறவர்களும் உண்டு. நானும் ரேம் விற்கிறவன்தான். 4 ஜிபியை 8 ஆக்கினால் மெஷின் திணறாது, டேப் மாற்றும்போது தூங்கி வழியாது. வாங்குங்கள், நல்லதுதான். சூட்டுக்கு மருந்து என்று நினைத்து வாங்க வேண்டாம்.

"ஃபேன் கத்துதா, வைரஸ்தான்"

பத்துக்கு ஒன்பது தடவை இல்லை. ஃபேன் கத்துவது அது வேலை பார்க்கிறது என்பதற்கு அடையாளம். தொட்டால் சுடுகிறது, ஃபேன் சத்தமே இல்லை என்றால்தான் நான் பயப்படுவேன். இந்த நம்பிக்கை வெறும் காற்றில் முளைத்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2017-இல் காயின்ஹைவ் என்று ஒன்று வந்தது. தளத்தில் நாலு வரி நிரலைச் சேர்த்துவிட்டால், பார்க்க வருகிறவரின் பிராசசரை வைத்தே மொனேரோ நாணயம் தோண்டிக்கொள்ளும். கணினிக்கு உள்ளே எதையும் போட வேண்டியதில்லை, பக்கம் திறந்திருந்தால் போதும். ஆந்திரத்தின் சில நகராட்சித் தளங்களில்கூட இந்த மாதிரி நிரல் ஒளிந்திருந்ததை 2018-இல் கண்டுபிடித்தார்கள். 2019 மார்ச்சில் காயின்ஹைவ் கடையை மூடிவிட்டது. வேறு பேரில் அந்தத் தொழில் முழுசாக ஒழியவில்லை. ஒரு குறிப்பிட்ட பக்கத்தைத் திறந்தால் மட்டும் ஃபேன் எகிறி, மூடியதும் அடங்குகிறது என்றால் அந்தப் பக்கத்தைச் சந்தேகப்படுங்கள். பார்க்க வேண்டிய இடம் மறுபடியும் அதே ஷிஃப்ட் எஸ்கேப்தான்.

"ஏர் கன் வெச்சு ஒரு ஊது ஊதுனா போதும்"

இங்கேதான் நான் கொஞ்சம் கத்த வேண்டியிருக்கிறது. பஞ்சு பறக்கிறது என்று நிட்டிங் மெஷினுக்கு மேலே ஃபேன் சுற்றவிடுகிறோம். ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் கம்ப்ரஸர் காற்றில் மெஷினை ஊதுகிறோம். கட்டிங், செக்கிங் எங்கே போனாலும் சட்டைக் காலரில் பஞ்சு. அந்த மெஷினை ஊதிச் சுத்தம் செய்கிற நாம், பக்கத்து மேசையில் அதே காற்றை நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டிருக்கும் லேப்டாப்பை மூன்று வருஷம் திரும்பிப் பார்ப்பதில்லை.

உள்ளே நடப்பது இது. பிராசசரின் மேலிருந்து ஒரு தட்டையான செம்புக் குழாய் ஓரத்துக்குப் போகும். குழாய்க்குள் சொட்டுத் தண்ணீர், காற்றை உறிஞ்சி மூடியிருப்பார்கள். சூடான முனையில் அது ஆவியாகும், மறுமுனையில் குளிர்ந்து திரும்பும். கம்பெனியில் ஸ்டீம் அயர்ன் ஓட்டுகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை, நீராவி சூட்டை எவ்வளவு வேகமாகக் கடத்தும் என்பது அவர்கள் கைக்கே தெரியும். அந்த மறுமுனையில் சீப்புப் பல் மாதிரி தகடுகள், இடைவெளி சுமார் 1 மில்லிமீட்டர். ஃபேன் அதன் வழியே காற்றை வெளியே தள்ளும். நாம் நூற்பில் எடுக்கிற நல்ல பருத்தியின் இழை நீளம் 28 மில்லிமீட்டர் வாக்கில். காற்றில் பறப்பது பெரும்பாலும் உடைந்த துண்டு. ஆனாலும் ஒரு மில்லி இடுக்கில் குறுக்கே விழுந்து மாட்டிக்கொள்ள அந்த நீளம் தாராளம். ஒன்று மாட்டினால் அடுத்தது அதைப் பிடிக்கும். ஊசியே இல்லாமல் துணி உருவாகும். சாதாரண வீட்டில் தூசு பொடியாகப் படியும், நம்ம ஊரில் பட்டையாக நெய்துகொள்ளும். பட்டையின் நிறத்தைப் பார்த்தே அந்த யூனிட்டில் எந்த கலர் ஓடியது என்று சொல்லிவிடுவேன்.

இந்தப் பட்டை இருப்பது தகடுகளின் உள்பக்கம், ஃபேனைப் பார்த்த மாதிரி. வெளியிலிருந்து ஏர் கன்னை வைத்து அடித்தால் அது கழன்று ஃபேன் இறக்கைக்குள் போய் விழும், இல்லாவிட்டால் போர்டு மேலே பரவும். கம்பெனி லைனில் காற்றழுத்தம் ஆறு, ஏழு பார் இருக்கும். அந்த வேகத்தில் குட்டி ஃபேன் தன் அளவுக்கு மீறிச் சுற்றிப் பேரிங் போய்விடும். சுற்றும் மோட்டார் டைனமோ மாதிரி மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும் என்பதும் ஒரு ஆபத்து. கம்ப்ரஸர் டேங்கிலிருந்து தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வருவது தனிக்கதை. வெள்ளை பனியனில் எண்ணெய்க் கறை விழுந்தால் பீஸ் ரிஜெக்ட். போர்டில் விழுந்தால் மட்டும் பரவாயில்லையா?

செய்ய வேண்டிய முறை அலுப்பானது. மெஷினை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பின்மூடியைத் திறக்க வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். ஃபேன் இறக்கையை ஒரு பல்குச்சியால் சுற்றாமல் பிடித்துக்கொண்டு, பட்டையை இடுக்கியால் எடுத்து, மீதியை உலர்ந்த பெயின்ட் பிரஷால் தட்ட வேண்டும். கை பழகாதவர்கள் கடைக்குக் கொடுங்கள். வாரண்டியில் இருந்தால் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே கொடுங்கள். புரொடக்‌ஷன் ஃப்ளோரில் இருக்கும் மெஷினை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, கண்ணாடி கேபினுக்குள் இருப்பதை வருஷத்துக்கு ஒரு தடவை என்று நான் வைத்திருக்கிறேன். நாலைந்து வருஷம் ஆன மெஷின் என்றால் பிராசசருக்கும் செம்புக்கும் நடுவில் இருக்கும் தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்து பொருக்காகியிருக்கும், அதையும் மாற்றிவிடலாம்.

"கூலிங் பேடு வாங்குனா தீந்துச்சு"

கூலிங் பேடு கெட்டதில்லை. அடியில் காற்றுத் துளை இருக்கிற மெஷினில் சில டிகிரி குறைக்கும். வழி அடைத்திருந்தால் பேடு ஊதுகிற காற்று எங்கே போகும்? பின்பக்கத்தை விரல் உயரத்துக்குத் தூக்கினாலே பாதிப் பலன் கிடைத்துவிடும். காலி நூல் கோனை வெட்டி இரண்டு துண்டு வைத்துப் பாருங்கள், காசு மிச்சம். சாம்பிள் துணிக்கட்டின் மேலே லேப்டாப்பை வைத்துக்கொண்டு மெயில் அடிக்கிற பழக்கம் மட்டும் வேண்டாம். ஃபிளீஸும் இன்டர்லாக்கும் துளையை அப்படியே பொத்திக்கொள்ளும்.

ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தேன் என்று ஒருத்தர் வந்தார். வெளியே எடுத்ததும் சில்லென்ற போர்டில் ஈரம் பூத்திருக்கும், மோர் டம்ளருக்கு வெளியே பூப்பது போல. மேற்கொண்டு சொல்ல எதுவுமில்லை.

லேப்டாப்புகளைப் பெரும்பாலும் 35 டிகிரி அறைச்சூடு வரைக்கும் என்று வகுத்துத்தான் செய்கிறார்கள். தகரக் கூரைக்குக் கீழே ஏப்ரல் மதியம் அதைத் தாண்டிவிடும். அறை ஐந்து டிகிரி ஏறினால் பிராசசரும் ஏறக்குறைய அதே ஐந்து ஏறும். அந்த மாதிரி இடத்தில் இன்னொரு வழி இருக்கிறது. விண்டோஸ் பவர் ஆப்ஷனில் "மேக்சிமம் பிராசசர் ஸ்டேட்" 100 என்று இருப்பதை 99 ஆக்குங்கள். பெரும்பாலான மெஷின்களில் டர்போ வேகம் நின்றுவிடும். ஒரு சதவீதம்தானே என்று நினைக்க வேண்டாம். வேகத்தைக் கூட்ட மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும், அழுத்தம் கூடினால் சூடு அதன் வர்க்கத்துக்கு ஏறும். அந்தக் கடைசி ஓட்டத்தை நிறுத்தினால் மெயிலிலும் ஷீட்டிலும் வித்தியாசம் தெரியாது, சூட்டில் நன்றாகத் தெரியும். சில மெஷின்களில் இந்த வரியை ஒளித்து வைத்திருப்பார்கள், அப்போது பேட்டரி சேவரைப் போட்டுக்கொள்ளலாம்.

"பேரே மடிக்கணினி, மடியில வெச்சா என்ன?"

பேர் வைத்தவர்கள் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பங்குனியில் நம்ம கொண்டத்துக் காளியம்மன் கோயில் தீக்குண்டத்தில் பக்தர்கள் எப்படி இறங்குகிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள், கால் நிற்காது. சூட்டில் எவ்வளவு என்பது பாதி, எவ்வளவு நேரம் என்பது மீதி. லேப்டாப் அடிப்பாகம் 45 டிகிரி என்றால் தொட்ட உடனே சுடாது, வெதுவெதுப்பாகச் சுகமாகக்கூட இருக்கும். தினம் மணிக்கணக்கில் தொடையிலேயே இருந்தால் தோல் வலைபோலக் கருத்துவிடும். குளிருக்குக் கணப்படுப்பை ஒட்டியே உட்கார்ந்திருக்கும் பாட்டிகளுக்கு வருவதாக மருத்துவர்கள் எழுதிவைத்திருந்த நோய் அது. 2010-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் லேப்டாப்பில் விளையாடிய 12 வயதுப் பையனின் தொடையில் அதைப் பார்த்துக் குழந்தை மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். ஆண்களுக்கு இன்னொன்று: மடியில் ஒரு மணி நேரம் வைத்தால் விதைப்பையின் சூடு இரண்டரை டிகிரிக்கு மேல் ஏறுகிறது என்று 2005-இல் அமெரிக்க ஆய்வொன்று அளந்து சொன்னது. கல்யாணமாகாத பிள்ளைகளிடம் இதை மட்டும் சொல்வேன், உடனே மேசை தேடுவார்கள்.

97 டிகிரி பார்த்து தம்பி பயந்தது பற்றிச் சொல்லவில்லையே. தண்ணீர் கொதிக்கிற சூடு என்று நினைக்கும்போது வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். இன்டெல்லின் லேப்டாப் சில்லுகள் பலவற்றுக்கு உச்ச வரம்பே 100 டிகிரி. அதை நெருங்கினால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், மீறினால் அணைந்துவிடும். மதியத்துக்கு மேல் லேப்டாப் மந்தமாகிறது என்று நீங்கள் சொல்வது பல நேரம் இந்தத் தற்காப்புதான். சில்லு தப்பித்துக்கொள்ளும். பக்கத்தில் படுத்திருக்கும் பேட்டரிதான் அடி வாங்கும். லித்தியம் பேட்டரிக்கு சூடும் ஆகாது, எந்நேரமும் 100 சதவீதம் நிறைந்திருப்பதும் ஆகாது. நாம் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறோம். 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி பல மெஷின்களில் இருக்கிறது, போட்டுவிடுங்கள். டச்பேடு மேடாகத் தூக்குகிறது, மூடி சரியாக உட்காரவில்லை என்றால் பேட்டரி உப்பியிருக்கிறது. அன்றைக்கே அணைத்துவிட வேண்டும். அழுத்திப் பார்க்கிறேன், குத்தி காற்றை எடுக்கிறேன் என்று யாரும் இறங்காதீர்கள், தீப்பிடிக்கும்.

தம்பியின் மெஷினை மூடி, மிச்சமிருந்த நாற்பது டேப்பையும் திறந்து அரை மணி ஓடவிட்டேன். 74. அவருக்கு நம்பிக்கை வரவில்லை, அடியில் கையை வைத்துப் பார்த்தார். பட்டை இன்னும் மேசையில் கிடந்தது.

"நேவி போன தீபாவளிக்கு முன்னாடி ஓடுன ஆர்டருங்க," என்றார். "அப்ப குரோமையே வெச்சுக்கலாங்களா?"

"வெச்சுக்கங்க. அந்தப் பிடிஎஃப் தளத்தை மறுபடியும் தெறந்தா வேலை முடிஞ்சதும் மூடிருங்க."

"பாட்டுங்க?"

"பாட்டு ஓடட்டும்."